தம்பி தூக்கிய இரண்டு கை

1

போன மாதம் எங்கள் மின் நிலையத்தில் கேக் வெட்டினோம். நிலக்கரி எரிப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிவிட்டது, அதைக் கொண்டாட. கேக்கைப் புகைபோக்கி மாதிரியே செய்திருந்தார்கள். உச்சியில் புகைக்குப் பதிலாகச் சர்க்கரையில் செய்த ஒரு சூரியகாந்திப் பூ. "டெஸ், நீயே வெட்டு. அந்தக் கொதிகலனோடு எங்கள் எல்லோரையும்விட அதிக நாள் குடித்தனம் நடத்தியவன் நீதான்" என்று மேலாளர் கத்தியை என் கையில் கொடுத்தார்.

என் பெயர் தேசிங்கு. இங்கே டெஸ். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்து, ஊரிலேயே ஓர் அனல் மின் நிலையத்தில் காண்டிராக்ட் கூலியாகக் கொஞ்ச நாள், வளைகுடாவில் சில வருடம் என்று சுற்றி, கடைசியில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஓர் உப்பு ஏரியின் ஓரம் வந்து ஒட்டிக்கொண்டவன். கொதிகலன் பிட்டராகச் சேர்ந்தேன். இப்போது பேட்டரிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கப்பல் கண்டெய்னர் மாதிரி வெள்ளை வெள்ளையாக வரிசையில் நிற்கும். பகலெல்லாம் சூரிய மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஊர் அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். தூசி இல்லை, இரைச்சல் இல்லை. வேலை முடிந்து வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வராது. அந்தச் சுகம் நிலக்கரியில் கிடந்தவனுக்குத்தான் தெரியும்.

கேக்கில் ஒரு துண்டை மகள் மீனாவுக்காகக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவள் கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். வாசலிலேயே போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, இது உங்கள் ஊர்தானே? இது பாபு சித்தப்பாதானே?"

ஒரு கம்பெனியின் விளம்பரப் படம். மூலையில் பச்சை இலை முத்திரை, பின்னால் புல்லாங்குழல். தண்ணீருக்கு நடுவில் சூரியத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. தகடுகளுக்குப் பின்னால் ஓர் உயர் அழுத்த மின் கோபுரம், அதன் ஒரு கால் சற்றே வளைந்திருக்கிறது. அந்த வளைவை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். அது எங்கள் ஆறு. அடுத்த காட்சியில் சாமியானாப் பந்தல், அதற்குள் ஊர் ஜனம். முன்வரிசையில் என் தம்பி எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறான். அந்த இடத்தில் படத்தை மெதுவாக ஓட்டியிருந்தார்கள். மீனவர்கள் சூரியனை வரவேற்கிறார்கள் என்று கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது.

"சித்தப்பா எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார், பாருங்கள்!" என்றாள் மீனா.

யார் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். நான் மட்டும் அந்தக் கேக்குப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். எங்கள் குப்பத்தில் சந்தோஷத்துக்கு யாரும் இரண்டு கையைத் தூக்குவதில்லை. அந்தக் கைகளில் ஒன்று அவனுடையது. இன்னொன்று என்னுடையது.

2

இதை விளங்கவைக்க வேண்டுமானால் பாடு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும்.

கடல் பெரியது, யாரும் எங்கேயும் வலை போடலாம். ஆறு அப்படியல்ல. இறால் வரும் இடம் கொஞ்சம், வலை கட்டுகிறவர்கள் அதிகம். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இந்த இடம் இந்த வீட்டுக்காரர்களுக்கு, நாளைக்கு அடுத்தவர்களுக்கு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணுக்கும் ஊரில் ஒரு பாடு உண்டு. இருப்பதிலேயே நல்ல பாடு கோபுரத்தடி. அந்த வளைந்த கால் மின் கோபுரத்தின் அடியில், ஆழமும் இல்லாமல் மேடும் இல்லாமல், இறால் வந்து தங்குகிற இடம்.

மறுநாள் யாருடைய பாடு என்று முந்தின நாள் மதியம், வலை காயும் நேரத்தில், கோயில் முன்னால் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் தண்டல்காரர், ஊர்ச் சேதி சொல்லும் ஆள். எங்கள் ஊரில் அது எல்லப்ப மாமா. பெயரைக் கேட்டதும் சம்பந்தப்பட்டவன் கையைத் தூக்கிக் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று சொல்ல வேண்டும். ஜுரத்தில் படுத்திருந்தாலோ வெளியூர் போயிருந்தாலோ அண்ணனோ தம்பியோ அவனுக்காகவும் சேர்த்து இரண்டு கையைத் தூக்குவார்கள். இறங்கி வலை கட்டுவதும் அவர்களே, பிடித்ததும் அவர்களுக்கே. ஊரை விட்டுப் போனவனின் பெயரை அதற்காக யாரும் எடுக்கமாட்டார்கள். அவனாக வந்து எடுக்கச் சொல்லும் வரை பெயர் இருக்கும்.

நான் போன நாளிலிருந்து என் பெயருக்குக் கை தூக்கியவன் பாபுதான்.

இதில் எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே எனக்கு வீடு இருக்கிறது, குடியுரிமை இருக்கிறது, ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் கேட்டுக் கடிதம் வருகிற அளவுக்கு நான் இந்த நாட்டுக்காரன். ஆனால் கூட்டத்தில் சத்தமாக என் பெயரைச் சரியாக உச்சரிக்கிற ஒரே இடம் அந்தக் கோயில் முற்றம். அங்கே மதியம் என்றால் இங்கே சாயங்காலம், நான் வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றும் நேரம். கழற்றும்போது பல நாள் நினைத்துக்கொள்வேன், இப்போது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று.

மீனாவை ஐந்து வயதில் இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். முதல் நாளே "எங்க வூடு ஏரி பக்கத்துல கீது" என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை சிரித்துவிட்டு, அது கொச்சை, அப்படிப் பேசக்கூடாது என்று திருத்தி அனுப்பினார். மறு வருடத்துக்குள் என் மகள் செய்தி வாசிப்பவள் மாதிரி ஆகிவிட்டாள். சித்தப்பாவிடம் போனில் "தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்பாள். "இன்னாணா, பாப்பா நூஸ் வாசிக்கிது" என்று பாபு விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன். என் பேச்சை என் மகளிடமே ஒளித்துவைக்கும்படி ஆன வயிற்றெரிச்சலை அவனிடம் எப்படிச் சொல்வது? போகட்டும், ஊரில் ஒருத்தர் முறை வரும்போதெல்லாம் அதே பேச்சில் என் பெயரைக் கூப்பிடுகிறார் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

3

இங்கே நிலக்கரியை நிறுத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். நான் ஏமாந்தது அதில்தான் ஆரம்பிக்கிறது.

நிறுத்துவதற்கு நாலைந்து வருடம் முன்பே எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். யாருக்கு எந்த வேலை, யாருக்கு என்ன பயிற்சி என்று ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பேசினார்கள். பேட்டரி எங்கே வைப்பது என்று ஏரிக்கரை ஊரையும் கூப்பிட்டுத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துக் கேட்டார்கள். ஓய்வுபெற்ற ஒரு பாட்டன் எழுந்து, "வேலியை நீங்கள் போடுகிற இடத்தில் நான் பேரப்பிள்ளைகளோடு இறால் அரிப்பேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கூட்டத்தில் புது வரைபடத்தோடு வந்தார்கள். வேலி தள்ளிப் போயிருந்தது.

ஒரு கிழவர் பொழுதுபோக்குக்கு இறால் பிடிக்கிற இடத்துக்காக ஒரு மின் நிறுவனம் வேலியை நகர்த்துவதை நான் என் கண்ணால் பார்த்தேன். சாம்பல் குட்டையின் மேல் மண் போட்டு மூடிப் புல் வளர்த்தார்கள். ஏரியில் பெலிகன்கள் கூடின. நான் ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் பாபுவுக்கு அனுப்பினேன். சனிக்கிழமை தவறாமல் போன் போட்டு மணிக்கணக்காகச் சொன்னேன். "சோலாரு வந்தா சாம்பல் நிக்கும்டா. சாம்பல் நின்னா ஆறு திரும்பும். இங்க நான் பாத்துக்கினு கீறேன்" என்றேன்.

அவனும் கேட்டுக்கொண்டான். அவனுக்கு அதில் காரியம் இருந்தது. ஊர்ப் பக்கம் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து ஆற்றில் கலந்ததில் பாதி ஆறு மேடாகிப் போயிருந்தது. ஒருநாள் அவனே கூப்பிட்டுச் சொன்னான். ஒரு புதுக் கம்பெனி வந்திருக்கிறது, பழைய நிலக்கரி யூனிட்டுக்குப் பதிலாகச் சோலார் போடப் போகிறது, ஊரைக் கூட்டிப் பேசினார்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

"எங்க போடறாங்கோ?" என்று கேட்டேன்.

"சாம்பல் மேட்டு மேலணா. ஆத்தத் தூரு வாரித் தரேன்னு சொல்லிக்கீறாங்கோ."

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் மனைவியையும் மகளையும் வெளியே சாப்பிட அழைத்துப்போனேன். மீனா இறாலைத் தொடமாட்டாள், உயிர்களைச் சாப்பிடுவதை விட்டு ரொம்ப நாள் ஆகிறது. "ஆறு சுத்தமானால் இறால் நிம்மதியாக இருக்கும் அப்பா" என்றாள். எனக்கும் அதுவே போதும் என்று தோன்றியது.

இப்போது அந்தப் படத்தில் தகடுகள் சாம்பல் மேட்டில் இல்லை. கோபுரத்தடியில் நிற்கின்றன. எங்கள் பாடு இருந்த இடத்தின் மேல்.

4

பாபு மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்து, "டவரு இல்லணா, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டான். டவர் இல்லையாம். தலைக்கு மேலேயே நிற்கிற ஊரில்!

சரி, கம்பெனியையே கேட்போம் என்று விளம்பரத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்றேன்.

"சொல்லுங்க சார். ஆதார் நம்பர்?"

"ஆஸ்திரேலியாவிலிருந்து பேசுகிறேன். எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை."

"ஓ. அப்ப நீங்க பாதிக்கப்பட்டவங்க கணக்குல வர மாட்டீங்களே சார்."

"சம்மதம் சொன்னவங்க கணக்கில் மட்டும் எப்படி வந்தேன்?"

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "அது ஊர்ல சொன்னது சார். கிராம வழக்கப்படி ஒரு குடும்பத்துக்கு ஒரு கை. உங்க பேர்லயும் கை தூக்கியிருக்காங்க. வழக்கத்தை நாங்க மதிக்கிறோம் சார்."

"அதே வழக்கப்படி இப்போது நான் இல்லை என்கிறேனே?"

"அதுக்கு நீங்க நேர்ல வரணும் சார். இந்தியக் குடிமகனா வரணும்."

இதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது? அவள் சம்பளத்துக்குப் பேசுகிறாள். "ஆற்றுக்குள் எப்படித் தகடு நட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அது ஆறு இல்லை சார், மேப்பில் நிலம் என்றுதான் இருக்கிறது என்றாள். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முதலில் சாம்பலைக் கொட்டி ஆற்றை மேடாக்கினார்கள். மேடானதை அளந்து நிலம் என்று எழுதினார்கள். நிலம்தானே என்று தகடு நட்டுவிட்டார்கள். நிலக்கரிக்காரன் ஆரம்பித்ததைச் சூரியக்காரன் முடித்துவைத்தான்.

போனை வைத்த பிறகு மீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் என் எதிரி இல்லை, ஆனால் அவள் சொன்னது அப்படித்தான் இறங்கியது.

"அப்பா, கோபப்படாதீர்கள். நிலக்கரியை விட அது நல்லதுதானே? எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும்?"

"இங்கே ஏன் அந்தத் தாத்தாவுக்காக வேலியை நகர்த்தினார்கள்?"

நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

5

விமான நிலையத்துக்குப் பாபு வந்திருந்தான். ஒவ்வொரு முறையும் வருவான், இந்த முறையும் வந்தான். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை போட்டிருந்தான், பையில் அந்தப் பச்சை இலை. பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். சக்கரம் இருக்கிறது, உருட்டு என்றால் கேட்கமாட்டான். எண்ணூர் போகும் வழியில் கண்டெய்னர் லாரிகள் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தன. ஓட்டுநர்தான் வழியெல்லாம் பேசினார்.

வீட்டில் அவன் மனைவி மல்லிகா இறால் தொக்கு வைத்திருந்தாள். நான் தொடவில்லை. நேராக ஆற்றுக்குப் போனேன். அவன் பின்னாலேயே வந்தான்.

கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தகடுகள். அவற்றின் கால்களைச் சுற்றிச் சாம்பல் சேறு அப்படியே கிடந்தது. தூர் வாரவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வளைந்த கால் கோபுரம் மட்டும் பழையபடி நின்றது. அத்தனை பெரிய இரும்பைக் கண்டு எனக்கு அழுகை வந்தது.

"தெரியுமாடா உனக்கு? கை தூக்கச்சொல்ல, அப்பவே தெரியுமா, இங்கதான் போடப்போறாங்கன்னு?"

இல்லை என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்போம்.

"தெரியும்ணா" என்றான். "அளக்க வந்தவனுக்கு ஆழம் எங்க, மேடு எங்கன்னு காட்ட ஆளு வோணும்னாங்கோ. நான்தான் போனேன். அடையாளக் கொடிய நட்டதே நான்தான்."

"எங்கிட்ட சாம்பல் மேடுன்னு சொன்னே."

"ஆமா."

"ஊர்ல?"

"ஊர்லயும் அப்டிதான் சொன்னாங்கோ. மேப்ப காட்டுனாங்கோ, யாருக்குப் புரியும்? சில பேரு யோசிச்சிக்கினு நின்னாங்கோ. நான்தான் எயுந்து, எங்கண்ணன் பாரின்ல இதே வேலதான் பாக்குறாரு, நல்லதுன்னு சொல்லிக்கீறாருன்னு சொல்லி ரெண்டு கையையும் தூக்குனேன். அப்பால எல்லாரும் தூக்குனாங்கோ."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அந்தப் பச்சை இலையோடு சேர்த்துப் பிடித்தேன். சின்ன வயதில்கூட அவனை அடித்ததில்லை.

"என் கைய நீ எப்டிடா தூக்குவே?"

அவன் விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. "இத்தினி வருசமா யாருணா தூக்குனது?" என்றான். பிறகு குனிந்து பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினான். இரண்டு காலும் முட்டி வரை கறுத்துத் தடித்து, மரப்பட்டை போல வெடித்திருந்தன. "உன் பாடுக்கும் என் பாடுக்கும் எறங்கி எறங்கி சாம்பல் துன்ன காலு. எறாலு செத்து எத்தினி வருசம் ஆச்சி தெரியுமா? நீ ஒவ்வொரு தபா வரசொல்ல மல்லிகா ஆக்கிப் போட்டது உன் பாடு எறாலுன்னு நெனச்சிக்கினு துன்னியே, அது காசிமேட்டு மார்க்கெட்லேர்ந்து வாங்கியாந்தது. இன்னைக்கி வச்சதும் அதான்."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா? பேர எடுத்துடுன்னுவே. பேரு போனா நீ எதுக்கு வரப்போற?"

சட்டையை விட்டேன். எதற்குக் கோபப்படுவது என்று குழம்பிவிட்டது. பொய் சொன்னதற்கா, பொய் சொல்லி என்னைச் சந்தோஷமாக வைத்திருந்ததற்கா? கொடி நட்டதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. மீன் இல்லை என்றால் இல்லை என்று நிற்க வேண்டியதுதானே. செத்த ஆறு என்றாலும் எங்கள் ஆறு. பிணத்தைக்கூட யாரும் அடுத்தவனிடம் கைகாட்டிக் கொடுப்பதில்லை.

6

மறுநாள் மதியம் கோயில் முற்றத்தில் ஜனம் கூடியது. எனக்கு ஆச்சரியம். ஆறே இல்லை, பாடு ஏது, எதற்குக் கூடுகிறார்கள் என்று மல்லிகாவைக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

தகடுகளின் மேல் சாம்பல் படிகிறதாம். பக்கத்தில் இன்னும் ஓடுகிற நிலக்கரி நிலையங்களின் சாம்பல். தினமும் கழுவாவிட்டால் மின்சாரம் குறையும். கழுவும் வேலையை ஊருக்கே தருகிறோம், யார் யார் வருவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பங்கு பிரிக்க எங்கள் ஊருக்குத் தெரிந்தது ஒரே வழி. கழுவுவதையும் பாடாக்கிவிட்டார்கள். அதே பெயர்கள், அதே முறை. யாருடைய நாளோ அவர் போய் வாளியும் நீளத் துடைப்பமும் வாங்கிக்கொண்டு கழுவிவிட்டு அன்றையக் கூலியை வாங்கி வருவார்.

அப்படியானால் என் பெயர்?

அது இன்னும் இருந்தது. பாபு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நாள் கழுவிக்கொண்டிருந்தான், அவனுக்காக ஒரு நாள், எனக்காக ஒரு நாள். ஆஸ்திரேலியாவில் சூரிய மின்சாரத்துக்குக் காவல் இருக்கும் டெஸ், எண்ணூரில் தேசிங்குவாக அதே சூரியனைக் கழுவிக்கொண்டிருந்தான். இதற்குச் சிரிப்பதா?

நான் போய் வேப்பமரத்தடியில் கடைசியில் நின்றேன். எல்லப்ப மாமா ரொம்பத் தளர்ந்திருந்தார், குரல் மட்டும் தளரவில்லை. அந்தச் சுற்றின் பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டார். கைகள் எழுந்து இறங்கின. யாரும் சிரிக்கவில்லை, சண்டை போடவும் இல்லை. இறால் பாடுக்கு நிற்பதைப் போலவே ஒழுங்காக நின்றார்கள். அந்த ஒழுங்குதான் என்னை அறுத்தது. இத்தனை வருடமாகத் தண்ணீரைப் பங்குபோட்டுக் கற்ற மரியாதை முழுவதையும் கொண்டுவந்து ஒரு கம்பெனியின் துடைப்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள்.

"அரிகிஸ்ணன் மவன் பாபு!"

"கீறேன்."

"அரிகிஸ்ணன் மவன் தேசிங்கு!"

பாபுவின் இன்னொரு கை எழுந்தது. பழக்கத்தில் எழுந்த கை. அதற்குள் எல்லப்ப மாமா என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, ஆளே வந்து நின்னுக்கினு கீது! இத்தினி வருசம் தம்பி சொல்லிக்கினு இருந்தான். இன்னிக்கி நீயே சொல்லு நைனா."

எல்லோரும் திரும்பினார்கள். பாபுவும் திரும்பினான். இரண்டு கையும் மேலேயே இருந்தன. படத்தில் பார்த்த அதே நிலை. அவன் கண் என்னிடம் ஒன்றைக் கேட்டது. எனக்கு அது புரிந்தது. மல்லிகா சற்று முன் கடைசியாகச் சொன்னதும் நினைவில் இருந்தது, அந்த இரண்டாவது நாள் கூலியை வைத்துத்தான் அவர்கள் பெரிய மகன் படிக்கிறான் என்று.

"இல்ல மாமா" என்றேன். "என் பேர எடுத்துடு."

"யோசிச்சி சொல்லு நைனா" என்றார் அவர். "எடுத்துட்டா திரும்பப் போட மாட்டோம். ஊரு வயக்கம் உனுக்குத் தெரியும்."

"தெரியும். என் பேர வச்சி யாரும் கை தூக்க வோணாம்."

அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பாபு ஒரு கையை இறக்கினான்.

7

அதற்குப் பிறகு நான் அங்கே இரண்டு நாள்கூட இருக்கவில்லை. மல்லிகா நேரத்துக்குச் சோறு போட்டாள், முன்பு போல "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா மாமா?" என்று கேட்கவில்லை. பாபு விடிவதற்குள் வெளியே போய் இருட்டின பிறகு வந்தான். நான் ஒன்றும் தவறாகச் செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஏமாற்றப்பட்டவன் நான். என் ஊரை நம்பினேன், என் வேலையை நம்பினேன், சூரியனை நம்பினேன், தம்பியை நம்பினேன். நாலும் சேர்ந்து காலை வாரினால் ஒருவன் ஒன்றிலிருந்தாவது கையை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

கிளம்பும் நாள் கால் டாக்சி தெரு முனையில் நின்றது. பாபு விமான நிலையத்துக்கு வரமாட்டான் என்று தெரியும். பெட்டியை மட்டும் முனை வரை தலையில் வைத்துக் கொண்டுவந்தான். டிக்கியில் வைத்துவிட்டுத் தோளைத் துடைத்துக்கொண்டான். அந்த நீலச் சட்டைதான், அன்றைக்கு அவனுடைய பாடு.

"கோவம்னா என்ன ரெண்டு அற அறஞ்சிட்டுப் போயிருக்கலாம்ணா" என்றான். "நான் செஞ்சதுக்கு அது நாயம். வாங்கிக்கினு இருந்திருப்பேன். பேர எடுத்துட்டியே."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார், பின்னால் லாரி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். நான் ஊரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் பாபு விளையாட்டாக இரண்டு கையையும் தூக்கித்தான் அனுப்புவான், ஒன்று அவன் வழியனுப்புவது, இன்னொன்று நான் திரும்பி வருவதற்கு என்று சொல்லுவான். அன்றைக்கும் கை தூக்கினான்.

ஒரு கைதான்.